கேஸ் மாத்திரையும் என் கடைவாய்ப் பல்லும்

முப்பத்திரண்டு வருடம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவள் நான். ஜீரண மண்டலம் என்றால் புத்தகத்தைத் திறக்காமலே கரும்பலகையில் இரைப்பை வரைவேன். உமிழ்நீர் என்ன செய்யும், இரைப்பையில் ஊறும் அமிலம் என்ன செய்யும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவள் ஓர் இளம் பல் டாக்டரின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். எனக்குப் பல் திரும்பக் கிடைத்தது, வயிறு அடங்கியது, நாக்கில் ருசி வந்தது. இன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆனால் சில மாதங்கள் அந்தப் பெண்ணின் கிளினிக்கில் நாற்காலிகள் காலியாகக் கிடந்ததற்கு என் வாய்தான் காரணம்.

எங்கள் வீடு தஞ்சாவூரில். நிலம் பூதலூர் பக்கம். என் கணவர் விவசாயம் பார்க்கிறார். நான் வேலையில் இருந்தவரை சனிக்கிழமை மட்டும் வயலுக்குப் போவேன். ஓய்வுபெற்ற பிறகு நினைத்தபோதெல்லாம் போய் எல்லோரையும் அதட்டிவிட்டு வருவேன். அறுப்பு முடிந்து நெல்லைக் காயப்போட்டால் ஈரம் போய்விட்டதா என்று பார்ப்பது என் வேலை. என் வேலை என்று யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் அதற்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஈரம் அதிகம் என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டால் மறுபடி மூட்டையைப் பிரித்துக் கொட்ட வேண்டும். அதனால் இங்கே எல்லோரும் வீட்டிலேயே நாலு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்த்துவிடுவோம். டக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

போன வருஷம் சம்பா அறுப்பில் அப்படித்தான் கடித்தேன். டக்கென்று சத்தம் கேட்டது.

"காஞ்சிடுச்சுங்க, மூட்டை கட்டச் சொல்லுங்க" என்றேன்.

கட்டச் சொன்ன பிறகுதான் வாயில் ரத்தம் கரித்தது. ஒடிந்தது நெல் இல்லை, என் பல். நெல் ஈரமாகத்தான் இருந்தது. என் கணவர் இன்றைக்கும் விருந்தாளி யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும், இருபது மூட்டையையும் பிரித்துக் கொட்டிய மனுஷன் அவர்தானே.

பல் வேர்வரை பிளந்திருந்தது. எங்கள் தெருமுனையில் அப்போதுதான் ஒரு பல் கிளினிக் திறந்திருந்தார்கள். டாக்டர் நாகூர்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. தலையில் துப்பட்டா, அதன்மேல் ஒரு விளக்கு, மெதுவான பேச்சு. அவருடைய அப்பா துபாயில் கடையில் நின்று படிக்க வைத்தாராம். கல்யாணமாகித் தஞ்சாவூருக்கு வந்த பெண், தானாகத் தொடங்கிய முதல் கிளினிக். வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம்கூட இன்னும் முழுதாகக் காயவில்லை. பல்லை எடுக்க வேண்டும், பிறகு அந்த இடத்தில் எலும்புக்குள் ஒரு திருகு வைத்து அதன்மேல் செயற்கைப் பல் கட்டலாம் என்றார். இம்பிளான்ட். நான் சரி என்றேன்.

அதற்கு முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைகள் எவை. பரீட்சைத் தாளில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு வரும் பிள்ளைகளை நான் சும்மா விட்டதில்லை. ஒரு கட்டத்தையும் விடாமல் நிரப்பினேன். மாத்திரைக்கான கட்டத்தில் பெரிய எழுத்தில் 'இல்லை' என்று எழுதி, கீழே கோடும் போட்டேன். எனக்குச் சர்க்கரையும் இல்லை, கொதிப்பும் இல்லை. இந்த வயதில் ஒரு மாத்திரையும் இல்லாமல் இருக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

அன்று காலையும் காப்பிக்கு முன்னால் ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன்.

நான் பொய் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் கேஸ் மாத்திரை மாத்திரையில் சேர்த்தி இல்லை. பால் பாக்கெட் மாதிரி, ஊதுவத்தி மாதிரி, அது வீட்டில் இருக்கும் ஒரு சாமான். கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்குகிறவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் வாங்குவார். மெடிக்கலில் போய் நின்றால் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே ஓர் அட்டையை எடுத்து வைத்துவிடுவார், நான் வாய் திறக்க வேண்டியதே இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் வயிற்றில் புண் வந்தபோது ஒரு டாக்டர் ஒரு மாதத்துக்கு என்று எழுதிக் கொடுத்தது. முடிந்ததும் வாங்க என்றார். வலி போய்விட்டது, நான் போகவில்லை. மாத்திரை மட்டும் தங்கிவிட்டது.

இடையில் வாயில் சில தொந்தரவுகள் வந்திருந்தன. நாக்கு எரியும். காலையில் எழுந்தால் வாய் அட்டைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். ருசியும் மட்டுப்பட்டுப்போனது. புளி சரியில்லை என்று கடையை மாற்றினேன், பற்பசையை மாற்றினேன், குழம்பில் உப்பை ஏற்றினேன். வகுப்பில் பேசிப்பேசி வந்த வறட்சி என்று நானே வைத்தியமும் சொல்லிக்கொண்டேன். ஓய்வுபெற்று வீட்டில் இருந்தும் அது போகாதது எனக்கு உறைக்கவில்லை.

பல்லை எடுத்த புண் ஆற எதிர்பார்த்ததைவிட நாளானது. ஆறிய பிறகு டாக்டர் திருகை வைத்தார். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளச் சில மாதம் ஆகும், அதுவரை அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது என்றார். நான் கடிக்கவில்லை. நெல்லைக்கூட மற்றப் பக்கம்தான் கடித்தேன். ஆனாலும் மூன்றாவது மாதம் அது ஆட ஆரம்பித்தது. ஒரு நாள் இட்லி சாப்பிடும்போது கையோடு வந்துவிட்டது. இட்லிக்கு!

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என்னிடம் படித்த எல்லோருக்கும் தெரியும். அந்தத் திருகைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். டாக்டரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். நாங்கள் லுத்தரன் சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கக் கூட்டம் நடக்கும். ஜெபமும் பாட்டும் அரை மணி, மற்ற விஷயம் ஒரு மணி. அந்த ஒரு மணியில் கைக்குட்டையைப் பிரித்து நாற்பது பேருக்குத் திருகைக் காட்டினேன்.

"பாருங்க, அந்தப் பொண்ணு போட்ட லட்சணத்தை. இட்லிக்கு நிக்கல. யாரும் போயிடாதீங்க."

அவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், மீதிப் பேர் பிள்ளைகளை என்னிடம் படிக்க வைத்தவர்கள். நான் சொன்னால் அது பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி. சபையில் சொன்னது தெருவுக்குப் போனது, தெருவில் இருந்து காய்கறி மார்க்கெட்டுக்குப் போனது. இரண்டு வாரத்தில் மெடிக்கல் கடைக்காரர் எனக்கே அதைச் சொன்னார், நான்தான் சொன்னது என்று தெரியாமல். அந்தக் கிளினிக் வழியாகப் போகும்போது உள்ளே எட்டிப் பார்ப்பேன். வரிசையாகப் போட்ட நாற்காலிகள் காலியாக இருக்கும். எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

டாக்டரே போன் செய்தார். "டீச்சர், நீங்க செக்கப்புக்கு வரலையே. எப்படி இருக்கு?" என்றார். கழன்று வந்துவிட்டது என்று வெடுக்கென்று சொன்னேன். எப்போது, எதைக் கடித்தபோது என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "வாங்க டீச்சர், நான் பாக்கணும். அது ஏன் நிக்கலன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார். நன்றாகக் கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். துணைக்கு என் கணவரையும் கூட்டிக்கொண்டேன். அவர் சண்டைக்கு ஆகமாட்டார், ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தால் எனக்குக் குரல் நன்றாக எழும்பும்.

நான் பேசப் பேச டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். படம் எடுத்தார், ஈறைத் தொட்டுப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கை நீட்டியதும் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாக்கு எரியுதா டீச்சர்?"

"எரியத்தான் செய்யுது. அதுக்கும் பல்லுக்கும் என்ன?"

அவர் பதில் சொல்வதற்குள் என் கணவர் எழுந்து வந்தார். நல்ல மனுஷன், நேரம் காலம் தெரியாதவர். "அவசரத்துல காலைல கேஸ் மாத்திரை போடாம வந்துட்டியே, சாயந்திரம் நெஞ்சு எரியுதும்ப. இந்தா" என்று சட்டைப்பையில் இருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

டாக்டர் அந்த அட்டையைக் கையில் வாங்கிப் படித்தார். "இது எத்தனை நாளா போடுறீங்க டீச்சர்?"

"நாளா? பதினோரு வருஷமா" என்றார் என் கணவர், ஏதோ சர்வீஸ் கணக்குச் சொல்வது போல.

டாக்டர் அலமாரியைத் திறந்து என் படிவத்தை எடுத்தார். பார்த்தார். என் பெரிய எழுத்தும் கோடும் எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. நானாக இருந்தால் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து வகுப்பு முழுக்கக் காட்டியிருப்பேன். அவர் அதை எழுத்து தெரியாதபடி கவிழ்த்து மேஜையில் வைத்தார்.

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றார். "சாப்பாட்டுல இருக்கிற சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் பி பன்னிரண்டு எல்லாம் உடம்புல சரியா சேர, வயித்துல அமிலம் வேணும். வருஷக்கணக்குல அதைக் குறைச்சு வச்சா சில பேருக்கு எலும்பு கொஞ்சம் வலு குறையலாம். அப்படி இருந்தா திருகைப் பிடிச்சுக்க எலும்பு திணறும். நாக்கு எரியிறது, வாய் காயிறது, ருசி போறது, இதுவும் அதோட சேர்ந்ததா இருக்கலாம். எல்லாருக்கும் இப்படி ஆகாது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு, இன்னும் கொஞ்சம் காத்திருந்து வச்சிருப்பேன்."

உமிழ்நீரும் அமிலமும் நான் நடத்திய பாடம். ஒரு சின்னப் பெண் எனக்கு நடத்த நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"நீங்களா நிறுத்திடாதீங்க" என்றும் சொன்னார். "வேணுங்கிறவங்களுக்கு அது நல்ல மாத்திரை. அதை விட்டுட்டு அமிலம் வாய் வரைக்கும் ஏறி வந்தா அதுவும் பல்லைத்தான் அரிக்கும். வயித்து டாக்டரைப் பாருங்க. அவர் சொல்றபடி செய்ங்க."

மறுநாளே நானாக நிறுத்திவிட்டேன். என் மேலேயே எனக்கு வந்த கோபம், வேறு யார்மேல் காட்டுவது? மூன்றாம் நாள் நெஞ்சுக்குள் அடுப்பு வைத்த மாதிரி எரிந்தது. என் கணவர் ஆட்டோ கூப்பிட்டு வயிற்று டாக்டரிடம் கொண்டுபோய் உட்கார வைத்தார். அந்த டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். புண் என்றைக்கோ ஆறியிருந்தது. ரத்தத்தில் பி பன்னிரண்டு தரைதட்டிக் கிடந்தது. "ஒரு மாசத்துக்கு எழுதினதை ரிட்டயர்டு ஆகிற வரைக்குமா சாப்பிடுவீங்க?" என்று ஒரு பிடி பிடித்தார். எனக்கு அது வேண்டியதுதான். திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் அமிலம் துள்ளிக்கொண்டு வரும் என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். பி பன்னிரண்டுக்கு ஊசி போட்டார். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடிக்கச் சொன்னார், சாப்பிட்டதும் படுக்காதீர்கள் என்றார், மூன்று காப்பியை ஒன்றாக்கினார்.

அந்த ஒரு காப்பியை நான் எவ்வளவு மரியாதையாகக் குடித்தேன் என்பதை எழுதினால் நம்பமாட்டீர்கள். எரிச்சல் வாரக்கணக்கில் போக்குக் காட்டிவிட்டு ஒருவழியாக அடங்கியது. நாலைந்து மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். முருங்கைக்கீரைப் பொரியல், மிளகு ரசம். முதல் கவளத்திலேயே "யாரு இதுல இவ்வளவு உப்பைப் போட்டது?" என்று கேட்டேன். வீட்டில் சமைப்பவள் நான் ஒருத்திதான். என் கணவர் தட்டைப் பார்த்தபடி, "ரெண்டு வருஷமா இப்படித்தான் இருக்கு" என்றார். மனுஷன் இத்தனை நாள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. ருசி வந்த சந்தோஷத்தில் அன்று இரண்டு தடவை ரசம் வாங்கிக் குடித்தேன், உப்போடேயே.

பல் டாக்டர் மறுபடி ரத்தம் டெஸ்ட் பார்த்து, எலும்பைப் படம் எடுத்து, இரண்டாவது திருகை வைத்தார். நான் ஒழுங்காகப் போய் வந்தேன். காலி நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து காத்திருப்பேன். ஒரு தடவை நர்ஸ் பெண் போனில் யாரிடமோ, "மாசக் கடைசியோட நிக்கச் சொல்லிட்டாங்கக்கா, பேஷண்டே இல்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் என்னிடம் எப்போதும் போலப் பேசினார். என் கைக்குட்டைக் கதை அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். தெரியாதபடியே எல்லாம் தானாகச் சரியாகிவிட வேண்டும் என்றும் விரும்பினேன்.

தானாக ஒன்றும் சரியாகவில்லை. அடுத்த ஞாயிறு பெண்கள் சங்கத்தில் ஒரு தங்கச்சி, பல்வலிக்குத் திருச்சி வரை பஸ்ஸில் போய் வந்ததைச் சொன்னாள். கன்னம் வீங்கியிருந்தது. "இங்க தெருமுனையிலயே இருக்கே" என்று யாரோ கேட்டதற்கு, "நம்ம டீச்சருக்கு ஆன கதி தெரியும்ல?" என்றாள். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

எங்கள் கூட்டத்தில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் நோயைச் சுகப்படுத்தினார், மகனுக்கு வேலை கொடுத்தார் என்று எழுந்து நின்று சொல்வார்கள். நான் ஒரு நாளும் எழுந்ததில்லை. என் விஷயம் எனக்கும் ஆண்டவருக்கும் என்று கடைசி வரிசையில் கடிகாரம் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று எழுந்தேன். போதகரின் மனைவிக்கே ஆச்சரியம். பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"பல்லு நிக்காததுக்கு டாக்டரைச் சொன்னேன்ல, அது தப்பு" என்றேன். "அவங்க கேட்டாங்க, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு. நான் ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கொடுத்தேன். பதினோரு வருஷமா கேஸ் மாத்திரை போட்டுக்கிட்டு இல்லைன்னு எழுதினேன். தப்பு என்மேல. அந்தப் பொண்ணு கைமேல இல்ல. நான் சொன்னதைக் கேட்டு யார்யார் அங்க போகாம இருந்தீங்களோ, அத்தனை பேரும் போங்க."

உட்கார்ந்தேன். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு முன்வரிசையில் இருந்து ஒரு குரல்: "கேஸ் மாத்திரையா? அது மாத்திரையா டீச்சர்?" அவ்வளவுதான், கைப்பைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அட்டை அட்டையாக வெளியே வந்தது. போதகரின் மனைவி பைபிள் உறையில் இருந்தே ஒன்றை எடுத்தார். நான் பழையபடி டீச்சராகி, யாரும் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அதட்ட வேண்டியதாயிற்று.

போன மாதம் இரண்டாவது திருகின்மேல் பல் கட்டினார்கள். நான் போனபோது உட்கார இடமில்லை. வீங்கிய கன்னத்துத் தங்கச்சி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். நர்ஸ் பெண் வேலையில் இருந்தாள். என் முறை வந்து நாற்காலியில் சாய்ந்ததும், டாக்டர் பல்லைப் பொருத்திச் சரிபார்த்தபடியே சொன்னார்:

"உங்க சபையில இருந்து நிறையப் பேர் வராங்க டீச்சர். நீங்க எழுந்து நின்னு பேசினீங்களாமே."

நான் வாயைத் திறந்தபடி தலையாட்டினேன்.

"நீங்க முதல்ல என்னைப் பத்திப் பேசினதுகூட எனக்கு அப்பவே தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் படிவத்தைக் கவிழ்த்து வைத்த அன்றும் தெரியும். இரண்டாவது திருகை அவ்வளவு நிதானமாக வைத்த அன்றும் தெரியும். வாயில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா. நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே."

"நீங்க வாயைத் திறந்துக்கிட்டு என்னை நம்பிப் படுத்திருந்தீங்க. அந்த நேரத்துல எப்படி டீச்சர் சண்டை போடுறது?" என்று சிரித்தார்.

நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தவள் நான். சொல்ல வேண்டிய ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "மன்னிச்சுடும்மா" என்றேன். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை, குரல் வகுப்பில் வருவது போல வரவில்லை.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றபடி அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, திரும்பி நின்று குழாயைத் திறந்தார். கை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாயை மூடித் திரும்பியபோது கண் சிவந்திருந்தது. புதுக் கையுறை மாட்டிக்கொண்டார்.

"சரி, இப்பக் கடிச்சுப் பாருங்க" என்றார். நான் மெதுவாகக் கடித்தேன்.